எலி சாகவில்லை, சரி... அப்புறம்?

வடசென்னையில் ஐப்பசி மழை நாலு நாள் அடித்து ஓய்ந்தால், அடுத்த வாரமே கொசுப்புகை அடிக்கும் வண்டியும் நிலவேம்புக் குடிநீர் அண்டாவும் தெருவுக்கு வந்துவிடும். புழல், காவாங்கரை, மாதவரம், மூலக்கடை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். மாநகராட்சி ஊற்றும், கட்சிக்காரர்கள் ஊற்றுவார்கள், ரசிகர் மன்றத்தினர் பேனர் கட்டி ஊற்றுவார்கள். கசப்பில் முகம் கோணியபடி டம்ளரைக் கவிழ்க்கிறவரிடம், இது பாதுகாப்பானதா என்று கேட்டுப் பாருங்கள். "நாட்டு மருந்துதானே, இன்னா பண்ணிடப் போவுது?" என்பார்.

அதற்கு விடை தேடும் வேலையில் பெரும்பங்கு வெள்ளை எலிகளின் தலையில்தான் விழுகிறது. அந்த எலிகளும் புழலுக்கு அதிக தூரத்தில் இல்லை. ஜி.என்.டி. சாலையில் தெற்கே வந்து மாதவரம் பால்பண்ணைப் பக்கம் திரும்பினால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வக விலங்கு மருத்துவத் துறை இருக்கிறது. வெள்ளெலி, சுண்டெலி, கினிப் பன்றி, முயல் என்று ஆய்வுக்கான விலங்குகளை முறைப்படி வளர்ப்பதும் பராமரிப்பதும் அதன் வேலை. தமிழ்நாடு அரசு தொடங்க நினைத்த சித்த மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இடம் பார்த்ததும் இதே பால்பண்ணைப் பகுதியில்தான்.

நிலவேம்புக்கு வருவோம். 2012இல் டெங்கு தமிழகத்தை உலுக்கியபோது, நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச் சாற்றையும் மலைவேம்புச் சாற்றையும் அரசே கொடுக்கச் சொன்னது. 5 ஆண்டுகள் கழித்து, மறுபடி டெங்கு உச்சத்தில் இருந்த 2017 அக்டோபரில், நிலவேம்பு குடித்தால் ஆண்மை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சேதி சுற்றியது. சரியான ஆராய்ச்சி முடிவுகள் வரும்வரை நிலவேம்பு விநியோகத்தில் இறங்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தினருக்கு ட்விட்டரில் எழுதினார். அவ்வளவுதான், ஊரே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் "எலியில் நிரூபித்துவிட்டார்கள்" என்றது. மறுபக்கம் "ஆயிரம் வருஷமாகக் குடிக்கிறோம், எலி எதற்கு?" என்றது. அந்த எலி ஆய்வை எடுத்துப் படித்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு.

படித்திருந்தால் சண்டை இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும். ஆய்வு நடந்தது 1990க்கு முன்பு, திருச்சியில். எம்.ஏ. அக்பர்ஷாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் நிலவேம்பு இலையைக் காயவைத்துப் பொடித்து, ஆண் வெள்ளெலி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 நாள் கொடுத்தார்கள். விந்தணு உற்பத்தி நின்றது, விரையின் திசுக்கள் சிதைந்தன. 2000ஆம் ஆண்டில் அக்பர்ஷாவே, நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருளைத் தனியாகப் பிரித்து எலிகளுக்கு 48 நாள் கொடுத்துப் பார்த்தார். விந்தணு எண்ணிக்கை குறைந்தது. நடுவில் 1997இல் சிலி, ஸ்வீடன் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், தரப்படுத்திய நிலவேம்புச் சாற்றை ஒரு கிலோ எடைக்கு 1,000 மில்லிகிராம் வரை 60 நாள் கொடுத்தும் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செடியின் பெயர் ஒன்று, நாள் கணக்கு ஒன்று, இரண்டுமே எலி. முடிவு மட்டும் எதிரும் புதிரும்.

எது பொய்? எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் பிடிபடும். எலிக்குக் கொடுத்த மருந்தளவை மனிதனுக்கு மாற்ற, உடலின் மேற்பரப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு சூத்திரம் இருக்கிறது: எலியின் அளவை 6.2ஆல் வகுக்க வேண்டும். 200 கிராம் எலிக்கு 20 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். வகுத்தால் மனிதனுக்குக் கிலோவுக்குச் சுமார் 16. அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் இலைப்பொடி. இப்போது நம் டம்ளருக்கு வாருங்கள். நிலவேம்புக் குடிநீர்ப் பொடியில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என 9 சரக்குகள் சம எடையில் சேர்கின்றன. ஒரு வேளைக்கு 5 கிராம் பொடி என்று வைத்தால் நிலவேம்பின் பங்கு அரை கிராமுக்குச் சற்று மேல். இரண்டு வேளைக்கு ஒரு கிராம் சொச்சம்.

ஆக, ‘எலிக்கு யானை அளவு கொடுத்தார்கள்’ என்ற வாதம் இங்கே நிற்காது. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. எலி தின்றது முழு இலைப்பொடி. நாம் குடிப்பது 200 மில்லி தண்ணீரில் கொதித்து 50 மில்லியாக வற்றி, துணியில் வடிகட்டிய கஷாயம். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரையாது, சக்கையோடு போவது நிறைய. இன்னொன்று, எலி தின்றது 60 நாள், காய்ச்சல்காரர் குடிப்பது 3 முதல் 5 நாள். எனவே திருச்சி எலிகளை வைத்து, காய்ச்சலுக்கு நாலு நாள் குடித்தவரைப் பயமுறுத்தியது தவறு. அதே எலிகளைத் தள்ளிவிட்டு, "தினமும் குடிங்க, எதிர்ப்புச் சக்தி ஏறும்" என்று மாதக்கணக்கில் குடிக்கச் சொன்னதும் தவறு. அப்படிக் குடிக்கத் தோன்றுகிற ஒருவருக்கு அந்தப் பழைய ஆய்வு இன்றும் ஒரு எச்சரிக்கைதான்.

என் பார்வையில் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. எலி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. நாமோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை வேறு கேள்விக்கு ஒட்டிக்கொள்கிறோம்.

அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சித்த மருத்துவத்தில், மருந்துகளைப் பற்றிய குணபாடம் பிரிவில் முதுநிலை படிப்பவர்கள் தங்கள் ஆய்வேட்டுக்காக வழக்கமாகச் செய்கிற வேலை இது. எலி அறையில் வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. கூண்டில் படுக்கை, கிருமி நீக்கிய நெல் உமி. செங்குன்றம் அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கிற அதே சாதாரண உமிதான். முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் உண்டு. காலையில் ஒவ்வொன்றாக எடை போட்டு, வாலில் மார்க்கரால் கோடு கிழிப்பார்கள். பிறகு எலியின் பிடரித் தோலை விரல்களில் இறுக்கிப் பிடித்து, தலை நிமிர்ந்தபடி வைத்து, நுனியில் சிறு குமிழ் உள்ள வளைந்த ஊசிக்குழாயை வாயோரமாக நுழைத்து, உணவுக்குழாய் வழியே நேராக இரைப்பைக்கு மருந்தை இறக்குவார்கள். கை பழகாதவர் செய்தால் குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அப்படிச் செத்த எலி மருந்தால் சாகவில்லை, கையால் செத்தது. நல்ல ஆய்வகத்தில் அதை அறுத்துப் பார்த்துப் பிரித்து எழுதுவார்கள்.

கொடுத்த பிறகு முதல் அரைமணி நேரம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நடுக்கம், வலிப்பு, எச்சில் வடிதல், பேதி, சோர்வு, மயக்கம். அப்புறம் 4 மணி நேரம், பிறகு 24 மணி நேரம், பிறகு தினமும் 14 நாள். உலகெங்கும் பின்பற்றப்படும் ஓஇசிடி அமைப்பின் 423ஆம் விதிமுறைப்படி ஒரு படிக்கு 3 எலிகள் போதும். கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் கொடுத்தும் சாகவில்லை என்றால் சோதனை அத்தோடு முடிந்தது. முன்பெல்லாம் பாதி எலிகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கவே கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 1927இல் டிரெவன் என்ற பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்த முறை அது. அதற்கான ஓஇசிடி விதி 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த கட்டம் 28 நாள் சோதனை, குறைந்தது 40 எலிகள். அதற்கும் அடுத்தது 90 நாள், 80 எலிகள். கடைசியில் ரத்தம் எடுத்து ஈரல், சிறுநீரக அளவுகள் பார்த்து, உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

நம் ஊர் ஆய்வேடுகளில் ஏராளமானவை முதல் கட்டத்தோடும் 28 நாளோடும் நின்றுவிடுகின்றன. "எந்த எலியும் சாகவில்லை, எனவே மருந்து பாதுகாப்பானது" என்ற வரியோடு அத்தியாயம் முடியும். அந்த ‘எனவே’ இருக்கிறதே, அதுதான் உதைக்கிறது. உடனடி நஞ்சு இல்லை என்பது மட்டுமே அங்கே தெரிய வந்தது.

இதில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு கதை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு கிளினிக், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தது. சேர்த்திருக்க வேண்டிய வேர் ஒன்று, வந்து சேர்ந்த வேர் வேறொன்று. சீன மொழியில் இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின், பெரும்பாலும் பெண்களின், சிறுநீரகங்கள் பழுதாயின. பிறகு 39 பேரின் செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றி ஆராய்ந்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000ஆம் ஆண்டில் அறிக்கை வந்தது. குற்றவாளி, தவறி வந்த வேரில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம். இந்த அமிலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஜெர்மன் ஆய்வகத்து எலிகள் 1980களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டன. ஜெர்மனி 1981லேயே அந்த அமிலம் உள்ள மருந்துகளை விலக்கியும் விட்டது. எலி சரியாகச் சொன்னது, கேட்டவர்கள் பக்கத்து நாட்டுக்குச் சொல்லவில்லை. நமக்கு என்ன என்கிறீர்களா? அந்த வேரின் குடும்பம்தான் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும். பூச்சிக்கும் தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் பெயர் போன இவை இன்றும் பொடியாகக் கிடைக்கின்றன. பாக்கெட்டில் சிறுநீரகம் பற்றி ஒரு வரி இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மருந்து மற்றும் அழகுப் பொருள் விதிகளில் 2010இல் சேர்க்கப்பட்ட 158பி பிரிவு, சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கான உரிமத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கீகரித்த பழைய நூல்களில் சொன்ன சரக்கு, சொன்ன செய்முறை, சொன்ன நோய் என்றால் பாதுகாப்புச் சோதனை தேவையில்லை. நூலே சான்று. சேராங்கொட்டை, எட்டி, நாபி போன்ற நச்சுச் சரக்குகள் தனி அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து ஒரு நிறுவனம் தன் சொந்தக் கலவையாகப் புதிதாக விற்க வந்தால் சோதனை கட்டாயம். நூலுக்கு மரியாதை கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நூல் எழுதியவர், காட்டில் தானே பறித்து, தானே சுத்தி செய்து, எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியின் நாடியைப் பிடித்து, பத்தியம் சொல்லிக் கொடுத்தவர். இன்றைய பொடி எங்கோ பறிக்கப்பட்டு, நாலு கை மாறி, பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு மாதிரி ஒரு மொத்தச் சந்தைக்கு மூட்டையில் வந்து இறங்குகிறது. மூட்டைக்குள் இருப்பதற்கு நூல் உத்தரவாதம் கொடுக்குமா?

கீழாநெல்லி இதற்கு நல்ல பாடம், அதுவும் சென்னைப் பாடம். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பரூக் புளூம்பெர்க், மஞ்சள் காமாலைக்கு நம் ஊரில் கொடுக்கும் இந்தச் செடியின் மேல் கண் வைத்தார். 1987இல் அவரும் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோரும் வெளியிட்ட கட்டுரையில், சாறு சுண்டெலிகளுக்கு நஞ்சாக இல்லை என்று பார்த்துவிட்டு, வுட்சக் என்ற அமெரிக்க வளைவாழ் விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் மனிதனைப் போலவே ஒரு ஹெபடைட்டிஸ் கிருமி உண்டு. புதிதாகத் தொற்றிய 4 விலங்குகளில் 3இல் கிருமியின் தடயம் மறைந்தது. அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை.

ஏன் என்பதற்குப் பல காரணம் சொல்லப்பட்டது. அதில் ஒன்று செடி. 1987 கட்டுரையில் பில்லாந்தஸ் நிரூரி என்று இருந்த பெயர், 1988இல் பில்லாந்தஸ் அமாரஸ் என்று மாறிவிட்டது. கீழாநெல்லிக்குப் பங்காளிகள் அதிகம், காய்ந்து நொறுங்கிய பிறகு பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. 2010இல் தென்னிந்தியாவின் 25 கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கி மரபணு வரிசையை வைத்துப் பார்த்தார்கள். 76 சதவீதம் கடைகளில் சரியான செடிதான் இருந்தது. மீதியில் 5 வேறு இனங்கள். கீழாநெல்லியின் பங்காளிகள் ஆளைக் கொல்லும் வகையல்ல. ஆனால் ஒரு செடியை எலிக்குக் கொடுத்து வாங்கிய நற்சான்று, நாலில் ஒரு கடையில் வேறு செடிக்கு ஒட்டியிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

செடி சரியாகவே இருந்தாலும் எலிக்குத் தெரியாத சங்கதிகள் உண்டு. கோவிட் காலத்தில் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் சித்த சிகிச்சை மையம் நடந்தது, கபசுரக் குடிநீர் வீட்டுக்கு வீடு கொதித்தது. அதன் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. அதே சமயம் வட இந்தியாவில் சீந்திலை மட்டும் தனியாக, கிலோய் என்ற பெயரில், மாதக்கணக்கில் மக்கள் காய்ச்சிக் குடித்தார்கள். 2020 இறுதியில் மும்பையில் ஈரல் பாதித்து வந்த 6 பேரிடம் விசாரித்தால் எல்லாரும் சீந்தில் குடித்தவர்கள். பிறகு நாடு முழுக்க 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளைத் தொகுத்து 2022இல் அறிக்கை வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, அது சீந்திலே அல்ல, அதன் தாயாதிக் கொடியாக இருக்கலாம் என்றது. மருத்துவர்கள் விடவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் ஈரலையே தாக்கும் தன்மை மறைவாக உள்ளவர்களுக்குச் சீந்தில் அதைக் கிளப்பிவிடுகிறது என்பது அவர்கள் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், எலி ஆய்வுகளில் சீந்தில் ஈரலைக் காப்பாற்றும் மூலிகை என்று பெயர் வாங்கியது. கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து எலியின் ஈரலைக் கெடுத்துவிட்டு, சீந்தில் கொடுத்தால் தேறுகிறது என்று எத்தனையோ கட்டுரைகள். அதுவும் பொய்யில்லை. ஆய்வக எலி இளவயசு, ஆரோக்கியம், ஒரே வம்சம், ஒரே தீனி. அதற்குத் தைராய்டு கோளாறு கிடையாது, சர்க்கரை மாத்திரை கிடையாது, தினமும் மாலையில் டாஸ்மாக் கிடையாது. புழலில் அண்டா முன் வரிசையில் நிற்கிறவருக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

அப்படியானால் எலியே வேண்டாமா? இப்போதும் அதை இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் போராடியதில்தான் 1960இல் அது வந்தது. அந்தச் சட்டத்தின்படியும் 1998 விதிகளின்படியும், எந்த நிறுவனமும் தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது. குழுவில் வெளியாட்கள் இருக்க வேண்டும், எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். 2023இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, மனித செல்கள், சில்லில் வளர்த்த திசுக்கள் போன்ற விலங்கில்லாச் சோதனைகளுக்கும் இந்தியா வழி திறந்தது. இவை ஒற்றை வேதிப்பொருளுக்கு நன்றாக வேலை செய்கின்றன. கஷாயம் அப்படியல்ல. அதன் கருநிறமும் துவர்ப்பும் சோதனைக் கருவியின் அளவீட்டையே குழப்பும். அதோடு, வயிற்றிலும் குடலிலும் புகுந்து, அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகுதான் அது மருந்தாகிறது. தட்டில் வளர்த்த ஈரல் செல்லின் மேல் நேராக ஊற்றினால் கிடைக்கும் பதிலும் வேறொரு கேள்விக்கான பதில்தான்.

நிலவேம்பு எலிகளை ஆராய்ந்த அதே அக்பர்ஷா, பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையத்தின் இயக்குநரானார். கல்வியிலும் ஆய்விலும் விலங்குகளுக்கு மாற்று தேடுவதுதான் அந்த மையத்தின் வேலை. எலியை நன்றாக அறிந்தவரே அதற்கு மாற்றுத் தேடப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மிச்சமிருக்கும் ஒரு வழி, மருந்து வெளியே வந்த பிறகு மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று குறித்துவைப்பது. ஆயுஷ் மருந்துகளுக்கான பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் நடக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் மையங்களில் ஒன்று. வைத்தியர்தான் என்றில்லை, சாப்பிட்டவரும் புகார் எழுதலாம். எழுதுகிறவர்கள் குறைவு. காரணம் எளிது: காமாலையோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், டாக்டர் கேட்டால் "மாத்திரை எதுவும் சாப்பிடலை" என்பார். கஷாயத்தை யாரும் மருந்துக் கணக்கில் வைப்பதில்லை. அதனால் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்: எந்தப் பொடி, எத்தனை நாள், எந்தக் கடை. பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதற்குள் இருப்பது எந்தச் செடி என்று பார்க்க ஒரு ஸ்பூன் போதும்.